யானைக்கொட்டிலில் நுழைவுத் தேர்வு

வெண்குடநாட்டை ஆண்ட சேந்தமாறன் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். பக்கத்து நாட்டுக்கு விருந்துக்குப் போன இடத்தில், உங்கள் நாட்டில் சாதாரண ஜனங்கள் எங்கே படிக்கிறார்கள் என்று யாரோ கேட்டுவைக்க, அவருக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. அந்நாளில் வெண்குடநாட்டின் கல்வியெல்லாம் ராஜகுரு சர்வோத்தமரின் வீட்டுக்குள்தான் இருந்தது. பிரபுக்களின் பிள்ளைகளைத் தவிர வேறு யாரும் அந்த வாசற்படியை மிதித்ததில்லை.

ஊர் திரும்பிய கையோடு அரசர் ஆணை போட்டார். நாட்டின் முதல் பொதுப் பல்கலைக்கழகம் தொடங்க வேண்டும். கற்க விரும்பும் எவரும் சேரலாம். கட்டடம் எழும்பும்வரை பொறுக்க முடியாமல், பழைய யானைக்கொட்டிலைக் காலி செய்து வெள்ளையடித்துக் கொடுத்தார். பொங்கலுக்குள் மாணவர்கள் சேராவிட்டால் யானைகள் திரும்பி வந்துவிடும் என்றும் சொல்லிவிட்டார்.

ராஜகுருவுக்கு வயிற்றெரிச்சல். ஆனால் அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. தகுதி பார்த்துச் சேர்க்க வேண்டாமா என்று பணிவாகக் கேட்டு, நுழைவுத் தேர்வு நடத்தும் பொறுப்பைத் தாமே வாங்கிக்கொண்டார்.

கொட்டில் வாசலில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. ராஜகுரு ஆளுக்கொரு கேள்வி போட்டார். தங்கம் துருப்பிடிப்பதில்லை, இரும்பு மட்டும் ஏன் பிடிக்கிறது என்று ஒரு கொல்லனைக் கேட்டார். நிலவைப் பார்த்துக் கடல் ஏன் பொங்குகிறது என்று ஒரு மீனவனைக் கேட்டார். விழித்தவர்களையெல்லாம் தோற்றதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்.

மலையடிவாரத்திலிருந்து பூவாத்தாள் என்ற மருத்துவச்சி நடந்தே வந்திருந்தாள். ஒரே தாயிடம் பால் குடித்த இரண்டு குழந்தைகளில் ஒன்றைக் காய்ச்சல் கொண்டுபோகிறது, மற்றதை விட்டுவிடுகிறதே, ஏன் என்று அவளைக் கேட்டார். அவள் முகம் சட்டென்று வாடியது. அவள் பெற்ற இரண்டில் ஒன்று அப்படித்தான் போயிருந்தது.

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் சாமி நான் வந்தேன்," என்றாள்.

"தெரியாதவர்களுக்கு இங்கே இடமில்லை," என்றார் ராஜகுரு.

அரசவையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன தில்லைக்கூத்தர் வேடிக்கை பார்க்க வந்து கூட்டத்தில் நின்றிருந்தார். எதற்கும் சிரிக்கிறவருக்கு இதற்குச் சிரிப்பு வரவில்லை. பூவாத்தாளை ஊருக்குத் திரும்ப வேண்டாம் என்று சொல்லித் தன் வீட்டில் தங்கவைத்தார்.

பொங்கல் நெருங்கியது. நாடு முழுக்கச் சலித்தும் தகுதியான ஆள் ஒருவர்கூடத் தேறவில்லை என்று ராஜகுரு சபையில் வருத்தத்தோடு தெரிவித்தார். அந்த வருத்தத்தில் கொஞ்சம் இனிப்பும் இருந்தது. அரசர் முகம் தொங்கிப்போனது. யானைப்பாகனைக் கூப்பிடச் சொல்ல வாயெடுத்தார்.

தில்லைக்கூத்தர் எழுந்து ராஜகுருவைக் கும்பிட்டார். இத்தனை மாணவர்களை ஒற்றை ஆளாகத் தேர்ந்தெடுத்துத் தந்ததற்கு நாடே அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறது என்றார்.

"ஒருவரும் தேறவில்லை என்கிறார், நீர் என்ன உளறுகிறீர்?" என்றார் அரசர். 

"அரசே, கற்க விரும்புகிறவர் சேரலாம் என்பது தங்கள் ஆணை. விடை தெரிந்தவர் அங்கே வந்து எதைக் கற்பார்? தெரியவில்லை என்று சொன்னவர்கள்தானே மாணவர்கள்?"

அரசர் முகம் தெளிந்தது. ராஜகுரு விடவில்லை. மாணவர்கள் சரி, விடை தெரியாத கூட்டத்துக்கு யார் பாடம் சொல்வது என்று மடக்கினார்.

"கேள்வி கேட்டவருக்கு விடை தெரியாமலா இருக்கும்?" என்றார் கூத்தர். "பூவாத்தாள் வெளியேதான் காத்திருக்கிறாள். ராஜகுருவே அவளுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்."

சபை ராஜகுருவைப் பார்த்தது. தெரியும் என்றால் மருத்துவச்சிக்குப் பாடம் நடத்த வேண்டும். அதற்கும் முதலில் விடை வேண்டுமே. நெடுநேரம் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். கடைசியில், "எனக்கும் தெரியாது," என்றார் மெல்ல.

"அரசே, இன்னொருவரும் தேறிவிட்டார்," என்றார் கூத்தர்.

திருப்பி அனுப்பப்பட்டவர்களையெல்லாம் கூப்பிட ஆள் போனது. பொங்கலன்று கொட்டில் திறந்தது. ராஜகுரு கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு துறை வைத்தார்கள். உலோகத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று. அசலூர் வைத்தியர்களும் வானநூலாரும் வந்து பாடம் சொன்னார்கள். ராஜகுரு முதலில் முறைப்போடுதான் வந்து உட்கார்ந்தார். போகப்போக, பூவாத்தாளைவிட அதிகம் சந்தேகம் கேட்கிறவர் அவர்தான் என்றானது. இடம் போதாமல் குதிரை லாயத்தையும் பிடித்துக்கொண்டார்கள். குதிரைகள் எங்கே போயின என்று அரசர் கேட்கவில்லை.

ஒருநாள் அரசர் அங்கே சுற்றிப் பார்த்தார். ஊரே ஆசையாகப் படிப்பதைக் கண்டு அவருக்கும் ஆசை வந்துவிட்டது. தாமும் சேரலாமா, அதற்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டுமா என்று கூத்தரிடம் கேட்டார்.

கூத்தர் பதறிப்போய்க் கைகூப்பினார். "தங்களுக்குத் தேர்வா? வேண்டவே வேண்டாம் அரசே. தங்களைப் பற்றி யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை."

அரசர் பூரித்துப்போய்த் தம் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். பல்லக்கில் ஏறி அரண்மனை போய்ச் சேரும்போதுதான், அந்தத் தேர்வில் தேறுகிறவர்கள் யார் என்பது அவருக்கு உறைத்தது. உள்ளேயிருந்து வந்த சிரிப்பில் பல்லக்கு குலுங்க, தூக்கியவர்கள் என்னவோ ஏதோ என்று கீழே இறக்கி வைத்துவிட்டார்கள்.