ஆற்றங்கரைக்குப் போன வாள்

முன்னொரு காலத்திலே ஒரு பேரரசு. வாசலில் யானை நின்றது, அடுப்பில் பூனை தூங்கியது. கடைவீதியில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. களஞ்சியத்துப் பெருச்சாளிகள்கூட வேறு நாடு தேடிப் போய்விட்டதாகப் பேச்சு.

மன்னர் ரணசூரருக்கோ உட்கார இருப்புக் கொள்ளாது. அரிசி இல்லை என்று யாராவது வாயெடுத்தால் போதும், "எந்த நாட்டைப் பிடிக்கலாம்?" என்று எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவார். பிடித்த ஊரைக் காக்க ஆள் வேண்டும், ஆளுக்குச் சோறு வேண்டும். அந்தச் சோறும் இங்கிருந்துதான் போனது.

ஒருநாள் நடந்துகொண்டே சொன்னார்: "அக்கரை நாட்டின் மேல் படையெடுக்கிறோம். வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம். அந்த நேரத்தில் போர் தொடங்கியே ஆக வேண்டும்."

படைத்தலைவரான தளவாய் வல்லத்தரசர் மனசுக்குள் கணக்குப் போட்டார். பட்டினிப் படை ஊர் எல்லையைக்கூடத் தாண்டாது. அதைச் சொன்னால் பதவி போய்விடும். அவர் பார்வை விகடர் அம்பலத்தாடியின் மேல் விழுந்தது. மன்னரைச் சிரிக்க வைத்தே பேர் வாங்கிய மனிதர் என்று அவர்மேல் வெகுநாள் எரிச்சல்.

"மன்னர் பெருமானே, இத்தனை புத்தி படைத்த அம்பலத்தாடியார் இருக்கையில் அடியேன் எதற்கு? இந்தப் போரை அவரே நடத்தட்டுமே."

"நல்லது. அம்பலத்தாடி, முகூர்த்தம் தவறினால் உன் தலை கோட்டை வாசலில் தொங்கும்."

அம்பலத்தாடி தரையில் விழுந்து கும்பிட்டார். "போர் முடியும்வரை படை அடியேன் சொல் கேட்க வேண்டும், பிரபு" என்று மன்னரிடம் வாக்கு மட்டும் வாங்கிக்கொண்டு, பாசறைக்கு ஓடினார். அங்கே செவத்தான் என்ற வீரன் இடுப்புக் கச்சையை இறுக்கிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா, சண்டைக்குத் தயாரா?"

"ஒரு வேளக் கஞ்சியக் குடிச்சிட்டு ஈட்டியத் தூக்குனா, ஈட்டிதான் என்னையத் தூக்குது சாமி. ஆத்துத் தண்ணி வயல்ல ஏறி நிக்கிது. எறங்கி நாத்து நட ஆளில்ல. அத்தன ஆம்பளையும் இங்க ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம். ஆமா, எங்களுக்கு யாரு தலைவரு?"

"நான்தான்."

"நீங்களா! அப்பச் சிரிச்சே சாவோம்."

வெள்ளிக்கிழமை முரசு முழங்கியது. மன்னரின் வாளும் வெண்குடையும் பல்லக்கில் ஏறி ஆற்றங்கரைக்குப் போயின. பின்னால் படை போகவில்லை.

"படை எங்கே?" என்று மன்னர் கர்ஜித்தார்.

"பரஸ்தானம் வைத்தாயிற்று, பிரபு. நல்ல நேரத்தில் ஆள் கிளம்ப முடியாவிட்டால் அவர் பொருளை முன்னே அனுப்புவது நம் வழக்கம்தானே? பொருள் கிளம்பினால் ஆளே கிளம்பிய மாதிரி. தங்கள் வாள் போருக்குப் போய்விட்டது. போர் தொடங்கிவிட்டது."

அரண்மனை ஜோசியர் ஆமென்று தலையாட்டினார்.

"இது ஏமாற்று!" என்று தளவாய் குதித்தார். "படை எப்போதுதான் கிளம்பும்?"

"கட்டுச்சோறு கட்டியதும் கிளம்பும். சோற்றுக்கு நெல் வேண்டுமே? அதற்காகப் படையை வயலில் இறக்கியிருக்கிறேன். தளவாயாரும் வந்தால் வரப்பு வெட்டலாம்."

மன்னர் பல்லைக் கடித்தார். கொடுத்த வாக்கை மீற முடியவில்லை.

அக்கரை அரசர் பார்த்தார். நாம் என்ன குறைச்சலா என்று தம் வாளையும் குடையையும் தம் பக்கத்துக் கரைக்கு அனுப்பிவிட்டார். இரண்டு கரைக் காவலர்களும் ஒருவரையொருவர் வாய் வலிக்கத் திட்டினார்கள். திட்டிக் களைத்தபின், பரிசலில் போய் வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். மழைக்காலமும் போயிற்று, கதிரும் முற்றிற்று.

நெல் களத்துக்கு வந்ததுமே மன்னர் எழுந்துவிட்டார். "கட்டுச்சோறு கட்டுங்கள். நாமே முன்னால் போகிறோம்."

அம்பலத்தாடி நெற்றியில் அடித்துக்கொண்டார். பசித்த படையால் சண்டை போட முடியாது, வயிறு நிறைந்த படையால் முடியும். தன் தலையைக் காக்க நினைத்த அவசரத்தில் இதை யோசிக்கவே இல்லை. தளவாய் மீசையை முறுக்கிக்கொண்டார்.

ஆற்றங்கரையில் படை நின்றது. அக்கரையிலும் அரசரே படையோடு வந்து நின்றார். ரணசூரர் வாளின் பிடியைப் பற்றி உருவினார். வரவில்லை. மழையிலும் ஆற்று ஈரத்திலும் கிடந்த வாள், உறையோடு துருப்பிடித்து இறுகியிருந்தது. மறுபடி இழுத்தார். தலைப்பாகைதான் சரிந்தது. நிமிர்ந்து பார்த்தால், எதிர்க்கரையில் அந்த அரசரும் தம் வாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அம்பலத்தாடி சட்டென்று பக்கத்தில் போனார். "பிரபு, அவர் பாறையில் காலை உதைத்து இழுக்கிறார். தாங்களும் உதையுங்கள். விட்டால் அவர் முந்திவிடுவார்."

மன்னர் காலைத் தூக்கினார். தூக்கிய கால் அப்படியே நின்றது. அக்கரையில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு இன்னோர் அரசர் அவரையே பார்த்தபடி நின்றார். முதலில் யார் சிரித்தது என்று தெரியாது, இரண்டு கரையும் சிரித்தது.

"சாமி, இனிமே சோத்து மூட்டையப் பிரிக்கலாமா?" என்றான் செவத்தான்.

"பிரி! போர் முடிந்தது" என்றார் மன்னர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. தளவாயின் கை மீசையிலிருந்து இறங்கியது.

மன்னர் தம் கைக்காப்பைக் கழற்றி அம்பலத்தாடிக்குப் போட்டார். தங்கமாக இருந்தால் இன்னும் கனத்திருக்கும். அம்பலத்தாடி நிமிர்ந்து பார்த்தார்.

"உள்ளே பித்தளைதான்," என்று மன்னர் காதோடு சொன்னார். "வெளியே சொல்லிவிடாதே."

"பரவாயில்லை, பிரபு. தலை அசல் தலைதான், அது தோள் மேலேயே இருக்கிறது. அடியேனுக்கு அது போதும்."

மன்னர் மறுபடி சிரிக்கத் தொடங்கினார்.