தலையை உள்ளே இழுத்த ஆமை

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம் இருந்தது. அந்தக் குளத்தில் சாந்தன் என்ற ஆமை வாழ்ந்துவந்தது. பெரிய ஆமை. கரையில் அசையாமல் கிடந்தால், பாறை என்று நினைத்து ஓணான்கள் மேலே ஏறி வெயில் காயும்.

சாந்தனுக்குக் காட்டில் நல்ல பெயர். "அதற்குக் கோபமே வராது! யாரோடும் வம்பு கிடையாது! அமைதி என்றால் அதுதான் அமைதி!" என்று எல்லா விலங்குகளும் பேசிக்கொள்ளும். மனம் சரியில்லாத விலங்குகள் அதனிடம் வந்து யோசனை கேட்கும்.

ஒரு நாள் தொப்பன் என்ற தவளை வந்தது. முகம் சுருங்கிப்போயிருந்தது.

"ஐயா, என் அண்ணன் என்னைக் கண்டபடி திட்டிவிட்டான். காலையிலிருந்து ஒரு கொசுகூடத் தொண்டையில் இறங்கவில்லை. நான் என்ன செய்வது?"

"இவ்வளவுதானா!" என்றது சாந்தன். "கண்ணை மூடு. காதை அடை. தலையை உள்ளே இழு. வெளியே நடப்பது எதுவும் உன்னுடையது அல்ல என்று நினை. முடிந்தது!"

"இழுத்துக்கொள்ள எனக்கு ஓடு இல்லையே, ஐயா!"

"மனத்தால் இழு!"

தொப்பனுக்கு அது பெரிய ஞானமாகப் பட்டது. மறந்துவிடக் கூடாதே என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே தத்திப் போனது.

எல்லோருக்கும் அமைதி சொல்லித் தந்த சாந்தனுக்கும் ஒரு தொல்லை இருந்தது. அந்தத் தொல்லையின் பெயர் குங்குமி.

குங்குமி ஒரு தாழைக்கோழி. கறுத்த உடம்பு, நெற்றியில் பளிச்சென்ற சிவப்பு. சாந்தன் படுத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கோரைப்புல்லை வளைத்து, தண்ணீரின் மேல் கூடு கட்டியிருந்தது. கூட்டில் ஐந்து முட்டைகள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அது பேசிக்கொண்டே இருக்கும். வெயிலைப் பற்றிப் பேசும். மீனைப் பற்றிப் பேசும். பேச ஒன்றும் இல்லாவிட்டால், பேச ஒன்றும் இல்லை என்பதையே பேசும்.

"குங்குமி! கொஞ்சம் வாயை மூடமாட்டாயா?" என்று சாந்தன் கேட்கும்.

"மன்னியுங்கள், ஐயா! இனி மெதுவாகப் பேசுகிறேன்!"

கொஞ்ச நேரம் குரல் தணிந்திருக்கும். மறுபடியும் பழையபடி ஏறிவிடும். சாந்தன் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். 'யாரோடு பேசுகிறாய்?' என்று அது ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு பிற்பகல். மலையின் மேல் மேகம் கறுத்துத் திரண்டது. பெருமழை கொட்டியது. மலையிலிருந்து செந்நீர் இறங்கிக் குளத்தில் பாய்ந்தது. குளம் நிரம்பி, மறுபக்கம் இருந்த ஓடை வழியாக வேகமாக வெளியேறியது. அந்த இழுப்பில் கோரைப்புற்கள் ஒவ்வொன்றாக அறுந்தன. கூடு ஆடத் தொடங்கியது.

"ஐயா! ஐயா!" என்று அலறியது குங்குமி. "கூடு பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கிறது! கொஞ்சம் இந்தப் பக்கம் வாருங்கள்! உங்கள் முதுகை முட்டாகக் கொடுத்தால் போதும், கூடு நகராது!"

சாந்தனுக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது.

'மழை பெய்தால் குளம் ஏறும். விட்டால் வடியும். இதற்குப் போய் இந்தக் கூப்பாடா?' என்று அது நினைத்தது. 'இன்று எழுந்து போனால் நாளைக்கும் கூப்பிடும். அப்புறம் என் அமைதி என்னாவது?'

அது தலையை இன்னும் ஆழமாக உள்ளே இழுத்துக்கொண்டது.

"ஐயா! முட்டைக்குள் குஞ்சுகள் கத்துகின்றன! இன்றோ நாளையோ வெளியே வந்துவிடும்! ஒரே ஒரு முறை தலையை நீட்டிப் பாருங்கள்!"

"பதறாதே, குங்குமி!" என்று ஓட்டுக்குள் இருந்தபடியே சொன்னது சாந்தன். "பதற்றம்தான் எல்லாத் துன்பத்துக்கும் காரணம். மனத்தை அடக்கு. எல்லாம் சரியாகிவிடும்!"

குங்குமி மேலும் சில முறை கூப்பிட்டது. பிறகு அதன் குரல் ஓடைப் பக்கமாகத் தேய்ந்துகொண்டே போனது. அப்புறம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பாடா!" என்றது சாந்தன்.

மறுநாள் காலை வானம் தெளிந்திருந்தது. குளக்கரையில் ஒரு சத்தமும் இல்லை. 'இப்படி ஒரு காலைப் பொழுது வாய்த்து எவ்வளவு காலமாயிற்று!' என்று மகிழ்ந்து, சாந்தன் தலையை வெளியே நீட்டியது.

கோரைப்புற்கள் சாய்ந்து கிடந்தன. கூட்டைக் காணவில்லை. உடைந்த தண்டு ஒன்றின் மேல் குங்குமி உட்கார்ந்திருந்தது. சிறகெல்லாம் சேறு. ஓடை போகும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தது. வாய் திறக்கவில்லை.

சாந்தனுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தொப்பன் தத்தித் தத்தி வந்தது.

"ஏன் அக்கா இப்படி உட்கார்ந்திருக்கிறாய்?"

"முட்டைகள் போய்விட்டன, தம்பி."

"ஐந்துமா?"

"ஐந்தும்."

தொப்பன் நல்ல மனம் படைத்த தவளை. எப்படியாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று அதற்குத் தவிப்பாக இருந்தது. அதனால் தனக்குத் தெரிந்ததைச் சொன்னது.

"கண்ணை மூடு, அக்கா. காதை அடை. வெளியே நடப்பது எதுவும் உன்னுடையது அல்ல என்று நினை. முடிந்தது!"

குங்குமி மெல்லத் திரும்பிப் பார்த்தது.

"என் முட்டைகள் என்னுடையவை இல்லையா, தம்பி?"

தொப்பன் கரைப்பக்கம் திரும்பியது. "ஐயா! நீங்களே சொல்லுங்கள்! நான் சரியாகத்தானே சொன்னேன்?"

சாந்தனின் தலை வழக்கம்போல உள்ளே போகப் பார்த்தது. ஆனால் அது கழுத்தை விறைத்துக்கொண்டு தலையை வெளியிலேயே வைத்திருந்தது. தான் சொன்ன சொல்லை இன்னொரு வாயிலிருந்து கேட்டபோது, அது எவ்வளவு கொடிய சொல் என்று அதற்கு அப்போதுதான் உறைத்தது.

முட்டைகளைத் தேடிச் சாந்தன் ஓடையில் இறங்கியது. கற்களில் உருண்டது. வேர்களில் சிக்கியது. வெகுதூரம் தள்ளி, விழுந்து கிடந்த ஒரு மரத்தின் கிளையில் கூடு மாட்டியிருந்தது. அது வெறுங்கூடு. சுற்றிலும் சேற்றைக் கிளறித் தேடியது. கிடைத்ததெல்லாம் உடைந்த முட்டை ஓட்டுத் துண்டுகள்தான். மாலை மங்கும் வேளையில், மூச்சு வாங்கக் குளத்துக்குத் திரும்பி வந்தது.

"குங்குமி, கூடு கிடைத்தது. முட்டைகள்..." என்று தொடங்கியது.

"தெரியும், ஐயா. நேற்றே பின்னாலேயே நீந்திப் போனேன்."

"என்னை மன்னித்துவிடு! நான் வந்து நின்றிருந்தால் கூடு போயிருக்காது!"

"அது எனக்குத் தெரியாது, ஐயா. வெள்ளம் பெரிது. உங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் நீங்கள் தலையையாவது நீட்டியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு யாருமே இல்லை."

சாந்தன் தலை குனிந்தது. அப்போதுதான், முதல் முறையாக, அது கேட்டது: "நாள் முழுக்க யாரோடு பேசிக்கொண்டிருந்தாய், குங்குமி?"

"முட்டைகளோடுதான். அவற்றின் அப்பாவைச் சித்திரை மாதம் பருந்து தூக்கிப் போய்விட்டது. இரண்டு பேர் குரலைக் கேட்க வேண்டிய பிள்ளைகள். அதனால் அவர் பேச வேண்டியதையும் சேர்த்து நானே பேசினேன். உங்களுக்குத் தொல்லையாக இருந்திருக்கும்."

'இதைவிட என் கண்ணைக் கொத்தியிருக்கலாமே!' என்று இருந்தது சாந்தனுக்கு.

சில நாட்களில் குங்குமி வேறு குளம் தேடிப் போய்விட்டது. போகும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டது. சாந்தனிடமும் சொல்லிக்கொண்டது.

சாந்தன் ஆசைப்பட்டபடியே குளக்கரை நிசப்தமானது. ஆனால் அதற்கு நிம்மதி இல்லை. தலையை வெளியே நீட்டினால் சாய்ந்த கோரை கண்ணில் பட்டது. உள்ளே இழுத்தால், "ஐயா! ஐயா!" என்ற குரல் ஓட்டுக்குள்ளேயே கேட்டது. அதற்கு மேல் உள்ளே போக இடமும் இல்லை.

ஒரு நாள் அது தொப்பனைக் கூப்பிட்டது. "நான் உனக்குச் சொல்லித் தந்தது தப்பு."

"அப்படியானால் எது சரி, ஐயா?"

"எனக்கும் முழுதாகத் தெரியவில்லை. உன் அண்ணன் உன்னை ஏன் திட்டினான் என்று கேட்டாயா?"

"இல்லையே! காதை அடைக்கத்தானே சொன்னீர்கள்!"

"போய்க் கேள்."

தொப்பன் போய்க் கேட்டுவிட்டு வந்தது. "அண்ணனின் பின்னங்காலைக் கொக்கு கொத்திவிட்டதாம், ஐயா! வலி தாங்காமல்தான் எரிந்து விழுந்தானாம்! நான் ஒரு மாதமாக அவனிடம் பேசவே இல்லை. அவன் தனியாகவே நொண்டிக்கொண்டிருந்திருக்கிறான்!" சொல்லும்போதே அதற்குக் கண் கலங்கியது. "இரை பிடித்துக் கொடுக்க வேண்டும், நான் வருகிறேன்!" என்று ஓடிவிட்டது.

மறுபடியும் மழைக்காலம் வந்தது. கரையோர வளைக்குள் தண்ணீர் புகுந்து, ஒரு சுண்டெலி தன் குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு தத்தளித்தது. அது வாய் திறந்து கூப்பிடுமுன்பே சாந்தன் அருகில் போய் நின்றது.

"ஏறிக்கொள், அம்மா! எல்லாக் குட்டிகளையும் ஏற்று!"

குட்டிகள் அதன் முதுகில் ஓடின, சறுக்கின, ஒன்றையொன்று கடித்துக் கீச்சிட்டன. மழை விடும்வரை அந்த இரைச்சல் ஓயவே இல்லை. சாந்தன் மேட்டில் ஏறி, தலையை நன்றாக வெளியே நீட்டி, கண்ணை மூடாமல் நின்றது.

"உங்களைப் போல நல்லவரை நான் பார்த்ததே இல்லை!" என்றது சுண்டெலி. "ஆனாலும் உங்கள் முகம் ஏன் இப்படி வாடியிருக்கிறது?"

"நல்லவனாவதற்கு எனக்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது, அம்மா," என்றது சாந்தன்.

அடுத்தவர் துயரத்துக்குக் காது கொடுக்காத மனத்தில் அமைதி ஒருநாளும் தங்காது.