ஆவுடையப்பனின் வெள்ளைத் துணி

பாளையங்கோட்டையில் ஆவுடையப்பன் என்று ஒரு சீடர் இருந்தார். சீடருக்கு வயது அறுபத்திரண்டு. குரு செண்பகவல்லிக்கு முப்பத்தொன்று. கல்யாணம், கோயில் கொடை என்று எங்கே கூப்பிட்டாலும் சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு போய், ஊரையே எழுப்பிவிட்டு வருகிறவள்.

"என்னைக் குருவேன்னு கூப்பிடாதீங்க சார், கூச்சமா இருக்கு" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்பதாக இல்லை.

தாலுகா ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் பழைய ஃபைல்களைக் காத்த மனிதர் அவர். அவர் காலத்தில் ஒரு ஃபைலிலும் தூசி கிடையாது. யாரையும் தொடவிட்டதும் கிடையாது. ரிட்டயரான பிறகு கற்றுக்கொள்ள வாங்கிய சாக்ஸபோனையும் அப்படித்தான் வைத்திருந்தார். தன் கல்யாணப் பட்டு வேட்டியில் சுற்றி, பீரோவுக்குள்.

முதல் நாளே குரு சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"வாசிச்சு முடிச்சதும் நம்ம மூச்சு உள்ள ஈரமா நிக்கும். அப்படியே விட்டா துளைகளை மூடுத மூடியெல்லாம் கெட்டுப்போகும். இந்த நூல் கட்டின துணியை உள்ள விட்டு ஒரு இழுப்பு. அவ்வளவுதான் சார்."

சீடர் 'ஈரம்', 'கெட்டுப்போகும்' என்ற இரண்டை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு வரி வாசிப்பார், நிறுத்துவார், தோளில் கிடக்கும் துணியை எடுத்து உள்ளே விட்டு இழுப்பார். அடுத்த வரி. மறுபடி துணி. பல்லவி முடிவதற்குள் நாலு தடவை துணி உள்ளே போய் வந்திருக்கும். அதற்குள் காபி வந்துவிடும். அனுபல்லவி நாளைக்கு.

அந்த 'நாளைக்கு' ஏழு மாசமாக வரவில்லை.

ஏழு மாசமும் அதே பல்லவியைக் கேட்டவள் அவர் மனைவி காந்திமதி. பாவம், அவளும் மனுஷிதானே. ஒருநாள் கரண்டியோடு வந்து நின்றாள்.

"விஜயதசமிக்குத் தெருவுல எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன். அன்னைக்கு ஒரு பாட்டை முழுசா வாசிங்க. முடியலையா, இதை என் தம்பிகிட்ட குடுத்திருவேன். அவன் பேண்டு செட்டுக்கு ஒண்ணு வேணும்னு அலையுதான்."

ஆவுடையப்பன் பீரோவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். மச்சினன் எப்பவும் வெற்றிலை போட்ட வாயோடு திரிகிற ஆள். அந்த வாயா இதில் படுவது!

குருவிடம் ஓடினார்.

"குருவே, நான் கருவியைப் பாத்துக்கிடுதது சரியா, தப்பா? நீங்க வாயைத் திறந்து சொல்லணும்."

சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துணியை எடுத்து நீட்டினார். குரு பிரித்துப் பார்த்தாள். கடையில் இருந்து அப்போதுதான் வந்ததுபோல மொடமொடவென்று இருந்தது.

"இது எப்ப வாங்கினது?"

"ஏழு மாசம் ஆச்சு. ஒரு கறை இருக்கா பாருங்க!" என்றார் சீடர் பெருமையாக.

குரு துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தாள்.

"பதில் சொல்லலையே?"

"விஜயதசமிக்கு வாரேன்லா. அங்க வச்சுச் சொல்லுதேன்."

சரஸ்வதி பூஜை வந்தது. சாக்ஸபோனை மணையில் வைத்து, மாலை போட்டு, சந்தனம் குழைத்தார் ஆவுடையப்பன். இருபதுக்கு மேல் மூடிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு வைத்தார். ஒன்றை விட்டால் அது மனசு கஷ்டப்படும் இல்லையா! சந்தனத்தில் கொஞ்சம் தாராளமாகவே தண்ணீர் விட்டிருந்தார். அன்றைக்குக் கருவியைத் தொடக்கூடாது என்பதால் கும்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

விஜயதசமி காலையில் தெரு முழுக்க அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் உள்ளறையில் சாக்ஸபோனை எடுத்து மெதுவாக ஒரு தடவை ஊதிப் பார்த்தார். பல்லவி வந்தது. அனுபல்லவிக்குத் திறக்க வேண்டிய மூடி ஒன்று திறக்கவே மாட்டேன் என்றது. சந்தனம் விளிம்பு வழியாக இறங்கி உள்ளே காய்ந்து ஒட்டியிருந்தது.

"போச்சு! எல்லாம் போச்சு! நானே என் கையால கெடுத்துட்டேனே!"

அந்த நேரம் பார்த்து குரு உள்ளே வந்தாள். ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சார், சரஸ்வதிக்கு நீங்க பொட்டு வச்சீங்களா, இல்ல வாயை அடைச்சீங்களா?"

"சிரிக்காதீங்க குருவே. எனக்கு உசிரு போகுது."

ஒரு தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, லேசாக நனைத்து, விளிம்பைத் துடைத்தாள். ஒரு மெல்லிய காகிதத்தை, லேசாக நெகிழ்ந்த மூடிக்கு அடியில் செருகி, அழுத்தி, மெதுவாக இழுத்தாள். காகிதம் மஞ்சளாக வந்தது. இன்னொரு காகிதம், லேசான மஞ்சள். மூன்றாவது வெள்ளையாக வந்தது. அழுத்தினாள். மூடி 'டப்' என்று திறந்தது.

"எந்திரிங்க. எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

"ஒரு நிமிஷம். உள்ள ஒரு தடவை துணியை விட்டுக்கிடுதேன்." தோளைத் தடவினார். "துணி எங்க?"

"எங்கிட்ட இருக்கு" என்றாள் குரு. அது அவள் இடுப்பில் செருகியிருந்தது. "வாசிங்க போங்க."

கூடத்தில் போய் நின்றார். முதல் வரி வாசித்தார். கை தன்னால் தோளுக்குப் போய் வெறுமனே திரும்பியது. இரண்டாவது வரி. மறுபடி கை போனது. குருவைப் பார்த்தார். குரு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காந்திமதியைப் பார்த்தார். அவள் கேசரிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல்லவி முடிந்தது. தெருவுக்கே தெரிந்த இடம் அது. அதற்கு மேல் அவர் போய் யாரும் கேட்டதில்லை.

மூச்சை இழுத்துக்கொண்டு அனுபல்லவிக்குள் போனார். ஓர் இடத்தில் பிசிறு தட்டியது. யாரோ சிரித்தார்கள். அவர் நிற்கவில்லை. சரணம் வந்தது. இதுவரை நோட்டில் மட்டும் பார்த்த சரணம். உள்ளே இவ்வளவு இருக்கிறதா என்று அவருக்கே ஆச்சரியம். பாட்டு முடிந்துவிட்டது. அவருக்குத்தான் நிறுத்த மனசில்லை. சந்தோஷம் தாங்காமல் பல்லவிக்குத் திரும்பி இன்னும் மூன்று சுற்று வாசித்தார். கைதட்டலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த காக்காய்கூடப் பறந்துவிட்டது.

காந்திமதி பக்கத்தில் வந்தாள்.

"என் தம்பி வேற எங்கயாவது பாத்துக்கிடட்டும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த ரெண்டாவது பாகம் நல்லாருந்துச்சு. நாளைக்கும் வாசிங்க."

ஆவுடையப்பனுக்கு முகமெல்லாம் பல்.

எல்லோரும் போனபிறகு குரு துணியை எடுத்துக் கொடுத்தாள். அவர் சாக்ஸபோனைச் சாய்த்து, நூலை உள்ளே விட்டு, மெதுவாக இழுத்தார். துணி கனத்து வந்தது. தரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. துணியின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கோடு.

"ஐயையோ குருவே! இங்க பாருங்க! ஏழு மாசமா வெள்ளையா வச்சிருந்த துணி! அன்னைக்குக் கேட்டதுக்கும் நீங்க இன்னும் பதில் சொல்லல."

குரு துணியை வாங்கிப் பிழிந்தாள். உதறிக் கொடியில் போட்டாள்.

"இன்னைக்குத்தான் சார், துடைக்கதுக்கு உள்ள ஏதோ இருந்துச்சு."