நீட்டிக்கொண்டு நின்ற ஒரு பூ

"அம்மா, நான் வந்து உட்கார்ந்தா எல்லாரும் ஏன் எழுந்து போயிடுறாங்க?"

கேட்டவர் கோதண்டம். வயது அறுபத்து நான்கு. பதில் சொல்ல வேண்டிய திலகவதிக்கு நாற்பத்தொன்று. ஆனாலும் அந்த மலை ஆசிரமத்தில் அவர்தான் குரு, எல்லோருக்கும் அம்மா.

"இன்னைக்கு யார் போனாங்க?"

"திருச்சியிலேருந்து வந்திருக்காரே, அவர். கஞ்சியைக்கூடப் பாதியில வச்சுட்டுப் போயிட்டார்."

"என்ன பேசிட்டிருந்தீங்க?"

"பெரிசா ஒண்ணும் இல்லை. பத்திரிகையைக் காட்டினேன்."

அது தம்பி மகள் மேகலாவின் கல்யாணப் பத்திரிகை. நாலு வருஷமாக அவர் சட்டைப் பையிலேயே குடியிருக்கிறது. அவளைத் தூக்கி வளர்த்த பெரியப்பாவான அவர் பெயர் அதில் இல்லை. மடிப்பெல்லாம் கிழிந்த பிறகும், புதிதாக யார் வந்தாலும் எடுத்து விரித்துவிடுவார். விரித்தால் புலம்பல் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது.

போன வருஷம் மேகலாவே வந்திருந்தாள். அவளிடமும் விரித்தார். அவள் அழுதுகொண்டே மலை இறங்கிப் போனாள்.

"ஞாயித்துக்கிழமை மறுபடி வர்றாளாம், கைக்குழந்தையோட. இந்தத் தடவையும் அப்படிப் போயிட்டா, அப்புறம் வரவே மாட்டாம்மா."



குரு முற்றத்தைப் பார்த்தார். ஐப்பசியில் கோதண்டம் தொட்டிகளில் நட்ட டாஃபடில் என்ற சீமைப் பூவின் கிழங்குகள், தைப் பனியில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருந்தன.

"அவ வர்ற அன்னைக்குக் கூடத்துல பூ வைங்க. இன்னைக்கே ஒரு தடவை வச்சுப் பாருங்க."

நான் என்ன கேட்டேன், இவர் என்ன சொல்கிறார் என்று கோதண்டத்துக்கு எரிச்சல். இருந்தாலும் பறித்தார். காலியான ஊறுகாய் ஜாடியைக் கழுவி, தோட்டத்து ரோஜாக்களோடு சேர்த்து வைத்தார். பார்க்க நன்றாகவே இருந்தது.

மறுநாள் காலையில் ரோஜாக்கள் எல்லாம் தலை தொங்கிக் கிடந்தன. டாஃபடில்கள் மட்டும் நிமிர்ந்து நின்றன.

"என் பூ நல்லாத்தான் இருக்கு. ரோஜாதான் தாங்கலை."

"அப்படித்தான் தோணும்" என்றார் குரு.

தொட்டியிலிருந்து ஒரு பூவைப் பறித்து, காம்பின் வெட்டுவாயைக் கோதண்டத்தின் விரலில் வைத்தார். பிசுபிசுவென்று ஒட்டியது.

"இந்தப் பிசின் தண்ணியில கலந்தா, கூட இருக்கிற பூ வாடிடும்."

"அப்ப இதுங்க கடைசி வரைக்கும் தனியாத்தான் நிக்கணுமா?"

"ஒரு நாள் தனியா நின்னா போதும். வடியுறது நின்னுடும். அப்புறம் எந்தப் பூவோட வேணும்னாலும் வைக்கலாம்."

சனிக்கிழமை காலையில் கோதண்டம் புதிதாகப் பறித்த டாஃபடில்களை ஒரு சொம்புத் தண்ணீரில் தனியே நிற்க வைத்தார். ஞாயிறு காலையில் தண்ணீர் மாற்றி, ஜாடியில் ரோஜாக்களோடு சேர்த்தார்.

ஒரு டாஃபடில் மட்டும் மற்றதையெல்லாம் மீறி நீட்டிக்கொண்டு நின்றது. முப்பது வருஷம் தையல் கடை வைத்திருந்தவர். நீட்டிக்கொண்டு நிற்கிற நூலைக்கூட அவர் கண் பொறுக்காது. கத்தரிக்கோலை எடுத்தார்.

குரு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நறுக்காதீங்க."

"ஒரே ஒரு இஞ்ச்தாம்மா."

"எவ்வளவு நறுக்கினாலும் சரி, மறுபடி புதுசா வடியும்."

கோதண்டம் கத்தரிக்கோலோடு வெகுநேரம் அங்கேயே நின்றார். குரு போன பிறகுதான் அதை மேஜை மேல் வைத்தார்.

மதியம் மேகலா வந்தாள்.

"பத்து நிமிஷத்துல வந்துடுறேண்ணே, நில்லுங்க" என்று ஆட்டோக்காரரிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது. கூடத்துக்குள் வந்தவள் தோள் பையைக்கூட இறக்கவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்தபடி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

அவள்தான் ஆரம்பித்தாள்.

"பெரியப்பா, அந்தப் பத்திரிகை விஷயம்..."

அவர் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. மடிப்பு விரலில் தட்டியது.

மேகலா அதைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பிய பக்கம் ஜாடி இருந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல் எதையோ பேசினாள்.

"அந்த ஒண்ணு மட்டும் நீட்டிக்கிட்டு நிக்குதே. நறுக்கி விடட்டுமா, பெரியப்பா?"

பக்கத்திலேயே கத்தரிக்கோல் இருந்தது. அவள் கை அதை நோக்கிப் போனது.

கோதண்டம் ஜாடியைப் பார்த்தார். ஒரு ரோஜாகூடத் தலை சாயவில்லை.

"வேண்டாம்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

பையிலிருந்து கையை எடுத்தார். வெறுங்கை.

"புள்ளையை இப்படிக் குடு. நீ முதல்ல சாப்பிடு."

மேகலா குழந்தையை அவர் மடியில் விட்டாள். பிறகு தோள் பையை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்குப் போய், ஆட்டோவைப் போகச் சொன்னாள்.