திரும்பி வந்த அழைப்புக் கடிதம்

எங்கள் நகராட்சியில் மொத்தம் இருபத்தேழு வகைப் பணியிடங்கள். அவற்றை வரிசையாகத் தட்டச்சு செய்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, பணியமைப்புப் பிரிவின் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். முதல் வரியில் ஆணையர். கடைசி வரியில் இரவுக் காவலர். தட்டச்சு செய்தவன் நான்தான் என்பதால் எந்த வரியில் யார் என்று எனக்கு மனப்பாடம்.

சொரிமுத்து அண்ணாச்சி இருபத்து மூன்று வருடம் இருபத்து நாலாவது வரியில் இருந்தார். குடிநீர் திறப்பாளர். தெருத்தெருவாகச் சைக்கிளில் போய், நீளச் சாவியை விட்டு வால்வைத் திருகித் தண்ணீர் திறக்கிற வேலை. நாற்பத்தொன்பது வயதில் மகளோடு உட்கார்ந்து படித்துப் பத்தாம் வகுப்பு தேறினார். மகளைவிட நாலு மார்க் கூட. அதைக் கேட்காதவர்களுக்கும் சொல்லிவிடுவார். ஐம்பத்திரண்டு வயதில் பதவி உயர்வு வந்து, இளநிலை உதவியாளராக எங்கள் பிரிவில் சேர்ந்தார். பட்டியலில் பதினோராவது வரி.

பிரிவுக்கு மேலாளர் சண்முகவடிவு மேடம். வயது முப்பத்தெட்டு. தன்னைவிடப் பதினாலு வயது இளையவர் முன்னால் முதல் நாள் கைகட்டி நின்று, "எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். இனிமே நீங்கதான் எனக்கு குரு" என்றார் சொரிமுத்து.

"கையைக் கட்டிக்கிட்டா கோப்பை எப்படிப் பிடிப்பீங்க அண்ணாச்சி? உக்காருங்க."

முதல் கோப்பே அவர் விட்டுவந்த இடம்தான். குடிநீர் திறப்பாளர், ஒரு காலியிடம். அவருக்குப் பதிலாக ஆள் எடுக்க வேண்டும்.

மேடம் மெல்லிசான ஒரு பழைய கோப்பையும் அதோடு சேர்த்துக் கொடுத்தார். "இதே இடத்துக்குப் போன தடவை ஆள் எடுத்த கோப்பு. முழுசாப் படிங்க."

"போன தடவைன்னா நான்தான மேடம்?"

"நீங்கதான்."

அவர் மேலே இருந்த நியமன உத்தரவைப் படித்தார். தன் பெயர் தட்டச்சில் இருப்பதை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நாடாவைக் கட்டிவிட்டார்.

வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து ஐந்து பேர் பட்டியல் வந்தது. பதிவு மூப்புப்படி முதல் பெயர், ஆறுமுகநயினார் மகன் பட்டுராஜன். பதிந்து இருபது வருடம் ஆகியிருந்தது. பிறந்த தேதியைப் பார்த்தால் இந்த ஜூலையோடு வயது வரம்பு முடிகிறது. இதை விட்டால் அந்த மனிதருக்கு வேறு அழைப்பு கிடையாது.

ஐந்து பேருக்கும் பதிவுத் தபாலில் அழைப்பு போனது. நாலு பேரிடமிருந்து ஒப்புகை அட்டை வந்தது. பட்டுராஜனுடைய உறை மட்டும் உறையாகவே திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில் 'முகவரியில் இல்லை' என்று எழுதியிருந்தது.

வியாழக்கிழமை நேர்காணல். அன்று திங்கட்கிழமை.

சொரிமுத்து அலுவலகத் தமிழை நன்றாகவே பிடித்துக்கொண்டிருந்தார். குறிப்பு எழுதி நீட்டினார். 'வரிசை எண் ஒன்றில் கண்ட நபர் முகவரியில் இல்லாததால், வரிசை எண் இரண்டு முதல் ஐந்து முடிய உள்ளவர்களை மட்டும் பரிசீலிக்கலாம் எனப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது.'

மேடம் படித்தார். கையெழுத்துப் போடவில்லை.

"தப்பா எழுதிட்டனா மேடம்?"

"எழுத்துல தப்பு இல்லை. விதியிலயும் தப்பு இல்லை. ஒரு தடவை பதிவுத் தபால் அனுப்பினா போதும்னுதான் இருக்கு."

"தபால்காரர் பொய் எழுத மாட்டாரு மேடம். எனக்கு இந்த வேலையக் கொண்டாந்து குடுத்ததே ஒரு தபால்காரர்தான். ஊருக்கு வெளியே செங்கச் சூளையில கெடந்தேன். கொட்டுத மழையில சைக்கிள்ல வந்து, கையெழுத்து வாங்கிட்டு, ஒரு செம்புத் தண்ணி குடிச்சிட்டுப் போனாரு. பேரு கேக்கத் தோணல. அன்னைக்கிலருந்து எங்க தெருவுக்கு எந்தத் தபால்காரர் வந்தாலும் தீவாளிக்கு முத அதிரசம் அவுகளுக்குத்தான்."

"நல்ல வழக்கம்" என்றார் மேடம்.

குறிப்பு அவர் மேசையிலேயே கிடந்தது. சொரிமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டார்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா? எந்த வேலைக்கு என்ன தகுதின்னு அரசாங்கம் எழுதி வச்சிருக்கு. எந்தப் பிரிவுக்காரங்க முறைன்னு இனச்சுழற்சி சொல்லுது. பேரை வேலைவாய்ப்பு ஆபீஸ் அனுப்புது. அழைப்பைத் தபால்காரர் கொண்டு போறாரு. கையெழுத்து ஆணையர் போடுதாரு. இதுல நமக்கு என்ன வேலை?"

நானும் தட்டச்சை நிறுத்திவிட்டேன். பதினேழு வருடமாக அந்த நாற்காலியில் இருக்கிற எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. கேட்கத்தான் துணிச்சல் வந்ததில்லை.

மேடம் திரும்பி வந்த உறையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வாங்க."

சொரிமுத்து போனார். ஒரு மணி நேரத்தில் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார்.

"கல்மண்டபத் தெரு பதினாலாம் நம்பர் செல்போன் கடை மேடம். கடைக்காரருக்கு அப்படி ஒரு ஆளையே தெரியல. பக்கத்துல மருந்துக் கடையிலயும் கேட்டேன். தபால்காரர் எழுதுனது சரிதான்."

"சரி அண்ணாச்சி. அந்தத் தெருவுக்கு எத்தனை வால்வு?"

இந்தக் கேள்வியைச் சொரிமுத்து எதிர்பார்க்கவில்லை. ஆனால் பதில் யோசிக்காமல் வந்தது.

"மூணு. மண்டபத்துக்கு முன்னால ஒண்ணு. மாவு மில்லுகிட்ட ஒண்ணு. மூணாவது கால்வாய்க்கு அந்தப் பக்கம். அங்க பதினேழு வீடுதான். கடைக்கோடிங்கதால தண்ணி ஏறவே ஏறாது. நான் எப்பவும் பத்து நிமிஷம் கூட விட்டுட்டுத்தான்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். உறையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்தார்.

"மேடம், கால்வாய்க்கு அந்தப் பக்கம் இப்பத்தான் கால்வாய்ப்புறம்னு தனித் தெரு. முந்தி அதுவும் கல்மண்டபத் தெருதான். நம்பர் அந்தக் கடைசியிலருந்துதான் ஆரம்பிக்கும். எட்டு வருசத்துக்கு முன்னால தெருவப் பிரிச்சு, எல்லா வீட்டுக்கும் புது நம்பர் அடிச்சாங்கல்லா?"

"யாரு அடிச்சா?"

சொரிமுத்து கொஞ்சம் தயங்கினார். "நாமதான் மேடம்."

மேடம் வெள்ளைக் காகிதம் ஒன்றை எடுத்து, அழைப்புக் கடிதத்தின் நகலோடு சேர்த்துக் குத்தி நீட்டினார். "இன்னைக்கே குடுத்து, கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

அதற்கப்புறம் நடந்தது சொரிமுத்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் நாலைந்து தடவை சொன்னார்.

கால்வாயைத் தாண்டி நாலாவது வீடு. கதவின் மேல் புதிய எண் நாலு. அதற்குக் கீழே, சுண்ணாம்புக்கு அடியில், பழைய பதினாலு மங்கலாகத் தெரிந்தது. வாசலில் ஒரு பெண் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். சைக்கிள் நின்றதும் நிமிர்ந்து பார்த்து முறத்தை இறக்கி வைத்தார்.

"தண்ணி அண்ணாச்சியா? என்ன இந்தப் பக்கம்? ஆபீசுல பெரிய வேலைக்குப் போயிட்டீங்கன்னு சொன்னாவ. நீங்க போனதுலருந்து எங்களுக்கு நாலு கொடம்தான் வருது."

"பட்டுராஜன்னு..."

"எங்க வீட்டுக்காரங்கதான். மாவு மில்லுல நிக்காங்க. என்ன விசயம்?"

பக்கத்து வீட்டுப் பெண் போய்க் கூட்டிவந்தார். தலை, புருவம், சட்டை எல்லாம் மாவோடு ஒரு மனிதர் வந்து நின்றார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினார். ஒரு தடவை படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு நடைப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க?" என்றார் அந்தப் பெண்.

"கூப்பிட்டிருக்காங்க."

"யாரு?"

"முனிசிபாலிட்டில."

அந்தப் பெண் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"மூணு வருசத்துக்கு ஒருக்க பதிவைப் புதுப்பிக்கணும் அண்ணாச்சி" என்றார் பட்டுராஜன். "போன தடவை வேண்டாம்னு விட்டுட்டேன். இத்தனை வருசம் வராததா இனிமே வரப் போகுதுன்னு. இவதான் பஸ் ஏத்தி விட்டா."

கையெழுத்துப் போடும்போது காகிதத்தில் மாவு ஒட்டியது. தேதியை அவருக்கு எழுத வரவில்லை. இன்று என்ன தேதி என்று இரண்டு தடவை கேட்டார்.

"ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க அண்ணாச்சி" என்று அந்தப் பெண் ஒரு செம்பு நிறையக் கொண்டுவந்தார். நாலு குடத் தண்ணீரில் ஒரு செம்பு. சொரிமுத்து அதை நின்றபடியே குடித்தார். அப்போது தனக்குள் ஏதோ ஒன்று நெருடியதாகவும், என்னவென்று பிடிபடவில்லை என்றும் சொன்னார்.

வியாழக்கிழமை ஐந்து பேரும் வந்தார்கள். பதிவு மூப்புப்படி வேலை பட்டுராஜனுக்கே கிடைத்தது. இரண்டாவது ஆளுக்கு வயது இருக்கிறது, இன்னும் அழைப்பு வரும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டேன். நான் சொல்ல வந்தது செவ்வாய்க்கிழமை காலையில் நடந்தது.

அன்று சொரிமுத்து மாவு ஒட்டிய காகிதத்தோடு மேடம் முன்னால் வந்து நின்றார். முகம் மலர்ந்திருந்தது.

"குடுத்துட்டேன் மேடம். ஆளு அங்கதான் இருக்காரு. எட்டு வருசமா நம்மதான் அவரக் காணாமப் போக்கியிருக்கோம்."

"நல்லது அண்ணாச்சி. கீழே நீங்க ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"என்னன்னு எழுத?"

"பழைய கோப்புல மாதிரி இருக்கும். பார்த்து எழுதுங்க."

"எதுல மேடம்?"

"உங்க கோப்புல."

சொரிமுத்து நாடாவை அவிழ்த்தார். நியமன உத்தரவைத் தள்ளினார். மருத்துவச் சான்று, பள்ளிச் சான்று, நேர்காணல் பட்டியல். ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டே போனார். அடியில் ஒரு பழுப்பு உறை கோத்துக் கிடந்தது. அதன் மேல் அவருடைய பெயர். பெயருக்குக் குறுக்கே, வெளிறிப்போன சிவப்பு மையில், 'முகவரியில் இல்லை.'

அவர் அந்தச் சிவப்பு எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

அடுத்த தாள் அவர் அன்று போட்ட கையெழுத்து. மழை பட்டு எழுத்து கசிந்திருந்தது. அதன் கீழே வேறொரு கையில் ஒரு வரி. அவர் மெதுவாக, எழுத்துக் கூட்டுவதுபோல் வாசித்தார்.

"செங்கல் சூளையில் நேரில் கண்டு, அழைப்புக் கடிதம் கையில் கொடுக்கப்பட்டது."

பெயர் இருந்த இடத்தில் ஒரு கிறுக்கல். அதற்கடியில் பதவி மட்டும் தெளிவாக இருந்தது. இரவுக் காவலர்.

சொரிமுத்து நிமிர்ந்து சுவரில் இருந்த பட்டியலைப் பார்த்தார். அவர் பார்ப்பது கடைசி வரியை என்று எனக்குத் தெரியும். ராத்திரி முழுக்க வாசலில் கண்விழித்த ஒரு மனிதர், பகலில் தூங்காமல், மழையில், இவரைத் தேடிச் சூளை வரைக்கும் சைக்கிள் மிதித்திருக்கிறார்.

"இது யாரு மேடம்?"

"நானும் தேடிப் பார்த்தேன் அண்ணாச்சி. அந்த வருசத்துப் பணிப்பதிவேடு கரையான் அரிச்சுப் போச்சு. பேரு தெரியல."

"அப்ப இருந்தவங்க யாருக்காச்சும்..."

"கேட்டுட்டேன். யாருக்கும் ஞாபகம் இல்லை."

சொரிமுத்துவின் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் விசைப்பலகை மங்கலாகத்தான் தெரிந்தது.

"மக படிச்சது, வீடு கட்டுனது, இன்னைக்கு இந்த நாற்காலியில உக்காந்திருக்கது, எல்லாம் அந்த மனுசன் போட்ட சோறு மேடம். ஒரு வார்த்தை நன்றி சொல்லலியே. இருபத்து மூணு வருசம் அதிரசத்தை வேற ஆளுக்குல்லா குடுத்திருக்கேன்."

மேடம் பேனாவை அவர் பக்கம் நகர்த்தினார்.

அவர் எழுதினார். 'கால்வாய்ப்புறத்தில் நேரில் கண்டு, அழைப்புக் கடிதம் கையில் கொடுக்கப்பட்டது.' கீழே கையெழுத்துப் போட்டார். அதுவும் கிறுக்கலாகத்தான் விழுந்தது.

மேடம் அந்தத் தாளை வாங்கினார். சொரிமுத்து முந்தின நாள் எழுதிய குறிப்பை எடுத்து இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். மாவு ஒட்டிய தாளைக் கோப்பில் கோத்தார்.

"அந்த மனுசனுக்கு எப்படி மேடம் நன்றி சொல்ல?" என்றார் சொரிமுத்து மறுபடியும்.

மேடம் நாடாவைக் கட்டி முடித்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"உங்க நன்றி போய்ச் சேர்ந்தாச்சு அண்ணாச்சி. நேத்து பட்டுராஜன்கிட்ட கையெழுத்தும் வாங்கிட்டு வந்திருக்கீங்கல்லா?"