கரிச்சானின் வால் பிளந்த கதை

அந்தக் காலத்தில், பறவைகள் பேசிக்கொண்டும் சடுகுடு ஆடிக்கொண்டும் இருந்த நாளில், கரிச்சானுக்கு வால் ஒற்றையாகத்தான் இருந்தது.

ஏரி வற்றியதும் ஏரிப் பறவைகளுக்கும் மலைப் பறவைகளுக்கும் ஆட்டம் நடக்கும். ஏரி அணியில் காரி என்றொரு கரிச்சான் இருந்தான். அவனைப் போல் மூச்சு விடாமல் "சடுகுடு" பாடிக்கொண்டு எதிரணிப் பக்கம் போய்வர ஆளில்லை. ஆனால் தலைவன் எப்போதும் கொக்குதான். "கறுப்புச் சிறகுக்கு வேகம் பிறவியிலேயே வந்துடும். யோசனைக்கு வெள்ளைச் சிறகுதான்" என்பது ஊர்ப் பேச்சு. ஏன் அப்படி என்று ஒருவரும் கேட்டதில்லை.

மலை அணியின் தூண் பருந்து. அது பயிற்சி செய்வதைக் காரி பதினொரு நாள் மரத்தில் உட்கார்ந்து கவனித்தான். பிறகு கொக்கிடம் போனான்.

"அண்ணே, பருந்து பாயறதுக்கு முன்னாடி இடது காலைத் தூக்குது. அந்த நேரம் பின்பக்கமாப் போனா அதால திரும்ப முடியாது."

கொக்கு அன்பாகத்தான் சிரித்தது. "உனக்கெதுக்குத் தம்பி அந்தக் கவலை? நீ பறந்தாப் போதும். யோசிக்கிறதை நான் பார்த்துக்கறேன்."

காரி மரத்துக்கே திரும்பிப் பறந்தான். திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பான்.

ஆட்டத்தன்று பருந்து ஒவ்வொருவராக அமுக்கியது. நேராகப் போன கொக்கும் கழுத்து மாட்டி வெளியேறியது. மலை அணியிலும் மற்றவர்கள் வெளியேற, கடைசியில் அந்தப் பக்கம் பருந்து மட்டும். இந்தப் பக்கம் காரியும் ஒரு மணிப்புறாவும்.

"நேராப் போடா! உன் வேகத்துக்கு எவன் நிப்பான்?" என்று வெளியிலிருந்து கொக்கு கத்தியது.

காரி போகவில்லை. புறாவின் காதோரம் குனிந்தான். "அக்கா, நீங்க கோட்டோரம் நின்னு சிறகைப் படபடன்னு அடிங்க. பருந்து உங்களையே பார்க்கணும்."

"எனக்குப் பயமா இருக்கே."

"எனக்கும்தான். அடிங்க!"

புறா கண்ணை மூடிக்கொண்டு அடித்தது. பருந்தின் பார்வை அந்தப் பக்கம் போனது. இடது கால் மேலெழுந்தது. "சடுகுடு சடுகுடு" என்று காரி உயர எழும்பி, பின்னால் இறங்கி, பிடரியில் ஒரு கொத்து கொத்தினான். பருந்து எப்படியோ அலகை நீட்டி அவன் வாலைக் கவ்வியது. காரி பாட்டை விடவில்லை. நடு இறகுகள் பிய்ந்து பருந்தின் வாயில் நிற்க, நடுக்கோட்டைத் தாண்டித் தன் பக்கம் வந்து விழுந்தான்.

ஏரியே அதிர்ந்தது. நாரைகள் குதித்தன, வாத்துகள் புழுதியில் உருண்டன.

"பலம்னா இது பலம்! கறுப்பு ரத்தமாச்சே!" என்று மைனா கூவியது.

காரி மூச்சிரைக்கச் சிரித்தான். "மைனாக்கா, பதினொரு நாள் உட்கார்ந்து யோசிச்சிருக்கேன். அதையும் சேர்த்துக் கூவுங்க!"

கொக்கு கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தது. "அன்னிக்கே கேட்டிருக்கணும். நாளையிலேருந்து நீ சொல்லு, நாங்க ஆடறோம்."

அடுத்த வருடமும் மைனா பழையதையே கூவியது. காரியும் சலிக்காமல் திருத்தினான். மணிப்புறா மட்டும் யாரையும் கேட்காமல் அவன் இருந்த மரத்திலேயே கூடு கட்டிக்கொண்டது.

அன்று முதல்தான் கரிச்சானுக்கு வால் இரண்டாகப் பிளந்திருக்கிறது. தன்னைவிடப் பல மடங்கு பெரிய பருந்தைப் பின்னாலிருந்தே அது விரட்டுகிறது. அது குடியிருக்கும் மரம் பார்த்துச் சின்னப் பறவைகள் நிம்மதியாய் முட்டையிடுகின்றன.