எருக்கம்பால்

வேதவல்லி அம்மையாரின் மடத்துக்குத் தாண்டவர்தான் வாசற்காவல். குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபத்திரண்டு. கள்வர் வரக்கூடாதென்று கூராக்கிக்கொண்ட நாக்கு, குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தவர்களையும் விட்டுவைக்கவில்லை. மனிதர் வாயைத் திறந்தால் தெருநாய்கூட வேறு வழியாகப் போய்விடும்.

அந்த வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு ஒட்டிக்கொண்டவன் மாணிக்கவேல் ஒருவன்தான். அம்மையார் மூன்று மாத யாத்திரை போயிருந்த சமயத்தில் உக்கிராணச் சாவி அவன் இடுப்புக்குப் போய்விட்டது. அரிசி மூட்டைகள் ஒவ்வொன்றாக வெளியேறின. தட்டிக்கேட்க வந்த ஊர்க்காரர்களை அவன் தாண்டவரின் வசவுகளைக் கொண்டே விரட்டினான். ஒரு சொல் மாறவில்லை. கடைசியில் தாண்டவரையும் வெளியே போகச் சொல்லிவிட்டான்.

அம்மையார் திரும்பி வந்த காலையில் தாண்டவர் துணிமூட்டையோடு வாசலில் நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது.

“இருபது வருஷமாக் காவல் இருந்தேம்மா. எத்தனை பேரை விரட்டியிருப்பேன்! இவன் எப்படி நுழைஞ்சான்? கேக்க வந்தவங்களும் திரும்பிப் போயிட்டாங்களே.”

அம்மையார் அவரை வேலியோரத்து எருக்கஞ்செடியிடம் அழைத்துப் போனார். இளந்தண்டு முழுக்க மஞ்சள் அசுவினிப் பூச்சி அப்பியிருந்தது.

“ஆடு வாய் வைக்காத செடி. இது உக்காந்து உறிஞ்சுது பாருங்க.”

“விஷப்பாலாச்சே, சாகாதா?”

“சாகல. அந்த விஷத்தையே உடம்புல சேத்து வெச்சிருக்கு.”

பக்கத்து அவரைக்கொடியில் பொறிவண்டு ஒன்று கறுப்பு அசுவினியை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. அம்மையார் அதை விரலில் ஏற்றி எருக்கந்தண்டில் விட்டார். வண்டு ஒரு மஞ்சள் பூச்சியைக் கவ்வியது. கவ்விய வேகத்தில் கீழே போட்டது. முன்னங்காலால் வாயைத் துடைத்துக்கொண்டு பறந்துவிட்டது.

தாண்டவருக்குச் செடியின் மேல் இரக்கம் பொங்கியது.

“அப்போ இதை யார்தாம்மா காப்பாத்துவா?”

“காப்பாத்த வந்தவர் இப்பத்தான் வாயைத் துடைச்சுக்கிட்டுப் போனார்.”

தாண்டவர் குனிந்து அந்தத் தண்டை உற்றுப் பார்த்தார்.

“கொஞ்சம் பாலைக் குறைச்சுக்கிட்டா என்னவாம் இந்தச் செடிக்கு?”

“செடியால முடியாது, தாண்டவரே” என்றார் அம்மையார்.